முந்நூறை அறுநூறாக்கிய கதை

சத்தியம்! இந்தக் கண்மாய் மேல் சத்தியம், கரையில் நிற்கிற அய்யனார் மேல் சத்தியம், என் ரெண்டு கண் மேல் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தால், நீங்கள் ஏறப்போகிற பஸ் என் மேல் ஏறட்டும்!

ஏன் இப்படிக் கத்துகிறான் கிழவன் என்று பார்க்கிறீர்களா தம்பி? இப்போது கத்தலாம். வைகாசி மாசம், பறவை ஒன்றுகூட இல்லை. ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் வந்து பாருங்கள், எங்கள் சிறுநாரைக்குடியில் ஒருத்தர் வாயிலிருந்தும் சத்தம் வராது. தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் கிடையாது. எழவுக்குக் கொட்டு கிடையாது. கூட்டில் குஞ்சு இருக்கிற வரைக்கும் புருஷன் பொண்டாட்டி சண்டை போடுவதென்றால்கூடப் பக்கத்து ஊருக்கு நடந்து போய், போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். சிரிக்காதீர்கள். சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

பறவை இல்லாத மாசத்தில் பறவையைப் படம் எடுக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான். புது ஆள் என்று கேமரா வாரைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். கடையில் மடித்துவைத்த மடிப்பு அதில் இன்னும் போகவில்லை. உட்காருங்கள். காரைக்குடி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. தூரத்துப் பறவையை எடுக்க விலை குறைவான லென்ஸ் எதை வாங்கலாம் என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ரெண்டாவது ஆள் நீங்கள். முதலில் கேட்டவர் செத்துப்போனார். வியாதியில் இல்லை. அந்த லென்ஸால்தான் செத்தார். அதனால்தான் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அவர் பெயர் பிலவேந்திரன். தேவகோட்டையில் பஸ் டைம்கீப்பர். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுகிற வேலை. நாற்பத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி. அதிர்ந்து பேசத் தெரியாது. டிரைவர் யாராவது எகிறினால்கூட, "சரிங்கண்ணே, ஏழு நிமிஷம் லேட்டுன்னு மட்டும் எழுதிக்கிறேன்" என்பாராம். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார். கையில் கேமரா. கேமராவோடு சேர்ந்து வருமே ஒரு குட்டி லென்ஸ், உங்களிடம் இருக்கிறதே, அதேதான். அதை வைத்துக்கொண்டு கரையில் நின்று நாரையை எடுத்தால் நாரையா வரும்? கண்மாய் வரும், மரம் வரும், வானம் வரும். நாரை இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஒரு புள்ளி வரும்.

காரைக்குடியில் பறவைப் படம் எடுக்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். கார் போட்டு வருகிறவர்கள். அவர்களுடைய லென்ஸ் பீரங்கி மாதிரி இருக்கும். மூணு கால் போட்டு நிறுத்தி, அதற்கு இலை போட்ட சட்டை வேறு மாட்டியிருப்பார்கள். வருஷா வருஷம் தை மாசம் கண்காட்சி நடத்துவார்கள். இவர் தன் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஒருத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, பறவையைக் கண்டுபிடிக்கிற போட்டியா?" என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். படத்தில் மூணில் ஒரு பங்காவது பறவை இருந்தால்தான் சுவரில் மாட்டுவோம், வேறு ஏதாவது இருந்தால் தை பிறக்கிறதுக்குள்ளே கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் அதோ அந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். வள்ளிமயில் கடை. நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கேதான் இருப்பேன். வருகிறவர்களுக்குப் பறவையைக் காட்டுவேன். ஒரு டீ, ரெண்டு பீடி, அவ்வளவுதான் என் கூலி.

"ஐயா, உங்களுக்கு லென்ஸ் பத்தி நல்லாத் தெரியும்னு சொன்னாங்க" என்றார்.

வள்ளிமயில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆமா சார், லென்ஸைக் கண்டுபிடிச்சதே எங்க மாயழகு மாமாதான். கேட்க வேண்டியதை இப்பவே கேட்டுக்கங்க, நாளைக்கு நிலாவுக்குக் கிளம்புறாரு."

அவள் கிடக்கிறாள். எனக்குத் தெரியும் தம்பி. ஜெர்மன்காரன் ஒருத்தன் வந்து ரெண்டு மாசம் தங்கியிருந்தபோது அவனுடைய லென்ஸைத் தூக்கியது யார்? நானும் எங்கள் வீட்டுக் கிடேரியும். அது வழியாகப் பார்த்தால் கூழைக்கடா முழுங்கிய கெண்டை, அதன் வயிற்றுக்குள்ளே எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடக்கிறது என்று தெரியும். இதைப் பிலவேந்திரனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, "அது எத்தனை மில்லிமீட்டர்ங்க ஐயா?" என்று கேட்டார். அப்படி நம்பிக் கேட்கிற மனுஷனை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நீங்களே சொல்லுங்கள், யோசனை கேட்டு வந்தவருக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பலாமா?

அடுத்த வாரம் ரெண்டு பேரும் மதுரைக்குப் போனோம். டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால், மாடிப்படி ஏறிப் போகிற கடை. புதுசும் விற்பார்கள், பழசும் விற்பார்கள். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூணு லென்ஸை வரிசையாக வைத்தார். ஒன்று அறுநூறு மில்லிமீட்டர் வரைக்கும் இழுக்கும், எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை கிட்டே வரும். கையில் தூக்கினால் அம்மிக்குழவி. விலையும் அப்படித்தான். ரெண்டாவது, புது முந்நூறு. கை நடுங்கினாலும் படம் நடுங்காதாம். மூணாவதும் முந்நூறுதான், ஆனால் யாரோ பத்து வருஷம் வைத்திருந்தது. புதுசில் பாதி விலை.

பிலவேந்திரன் அறுநூறைத்தான் பார்த்துக்கொண்டே நின்றார். "ரெஜினா என்ன சொல்றான்னா, சித்திரையில சீட்டு விழுது, அதுவரைக்கும் பொறுத்து நல்லதா ஒண்ணு வாங்கிடுங்கன்னு சொல்றா" என்றார். ரெஜினா அவர் மனைவி. ரெஜினாள். பால்வாடியில் வேலை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்போது அது எனக்கு எவ்வளவு நன்றாகத் தோன்றியது தெரியுமா? "சித்திரையில கண்மாயில தண்ணி இருக்காது, பறவை இருக்காது. அறுநூறை வாங்கிக் காக்காயையா எடுக்கப்போறீங்க? முந்நூறு, அறுநூறுங்கறதெல்லாம் என்ன சார்? தூரந்தானே? பாதி தூரம் நடந்துட்டா முந்நூறே அறுநூறு. நடக்கிறதுக்கு எவனாச்சும் காசு கேட்கிறானா?"

கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். "கணக்கு சரிதான் பெரியவரே. ஆனா பறவையும் அங்கேயே உக்காந்திருக்கணுமே." பிறகு அந்தப் பழைய லென்ஸின் பின்பக்கத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே சிலந்தி நூல் மாதிரி படர்ந்திருந்தது. "பூஞ்சை சார். மறைக்கலை, சொல்லிடுறேன். வெயிலுக்கு எதிரா எடுத்தீங்கன்னா படம் புகை போட்ட மாதிரி இருக்கும். மத்தபடி ஒண்ணும் செய்யாது."

"வெயிலுக்கு எதிரா எவன் எடுக்கிறான்?" என்றேன் நான்.

பிலவேந்திரன் அதைத்தான் வாங்கினார். திரும்பி வருகிறபோது பஸ்ஸில் மடியில் வைத்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். திருப்பத்தூரில் இறங்கி எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு மனுஷனுக்கு நல்லது செய்த சந்தோஷம் எனக்கு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவைக்கிறேன், மறந்துவிடுவேன். பழைய லென்ஸ் வாங்கப்போனால் நீங்களே டார்ச் கொண்டுபோங்கள். பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். வளையத்தைத் திருகும்போது மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். இதெல்லாம் யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

சரி. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை கரையில் நின்று எடுத்தார். முன்னைக்குப் பரவாயில்லை. புள்ளி இப்போது சுண்டு விரல் நகம் அளவுக்கு வந்தது. ஆனால் மூணில் ஒரு பங்கு எங்கே, நகம் எங்கே? அதோ கண்மாய் நடுவில் கருவேல மரங்கள் தெரிகிறது பாருங்கள், அங்கேதான் மஞ்சமூக்கு நாரை கூடு கட்டும். கரையிலிருந்து இருநூறு தப்படி தூரம். மார்கழி கடைசி ஞாயிறு. அந்த வாரம் விட்டால் சங்கத்துக்காரர்கள் படம் வாங்கமாட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். பழியாக இல்லை தம்பி, சத்தியமாகப் பழியாக இல்லை. பள்ளிக்கூடத்தில் பையன் வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக் கேட்டார்.

"ஐயா, பாதி தூரம் நடந்தாப் போதும்னீங்க. தண்ணிக்குள்ள எப்படி நடக்கிறது?"

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார் என்று சொல்லியிருக்கலாம். எழுபது வயசுக்குமேல் வாய் அப்படி வளையமாட்டேன் என்கிறது. "அதுக்கு வழி இல்லாமலா சொன்னேன்?" என்றேன்.

வழி இருந்தது. அது பொய் இல்லை. தண்ணிக்கு அடியில் ஒரு பழைய வரப்பு போகிறது. நான் வாலிபனாக இருந்தபோது அதன் மேல் நடந்துபோய்க் கருவேலங்காய் பறித்திருக்கிறேன். முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீர் வராது. போன கோடையில் யாரோ பொக்லைன் விட்டு மண் அள்ளினார்கள். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் தெற்கே அள்ளினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெற்கேதான் அள்ளினார்கள். கொஞ்சம் இந்தப் பக்கமும் வந்திருக்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

கண்மாய்க்குள் இறங்க யாருக்கும் அனுமதி கிடையாது. காவலுக்கு ஒருத்தர் உண்டு. அவரிடம் போய், "கிழக்கு மடையில மலைப்பாம்பு ஒண்ணு குஞ்சை முழுங்கிட்டுக் கிடக்கு, வாலு அந்தக் கரையில இருக்கு, தலை இந்தக் கரையில இருக்கு" என்றேன். கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார் பாவம். என் பேச்சை அன்றைக்கு நம்பியவர்கள் ரெண்டு பேர்.

பிலவேந்திரன் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார். நான் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"சார், என்ன ஆனாலும் சத்தம் போட்டுடாதீங்க. சத்தம் கேட்டா மொத்தப் பறவையும் எழும்பிடும். கூட்டுல இருக்கிற குஞ்சு அம்புட்டும் தண்ணியில விழுந்து சாகும். அப்புறம் ஊரே கம்போட வந்துடும். போன வருஷம் மதுரைக்காரன் ஒருத்தன் தும்மினான். மொட்டையடிச்சு, பைக்கைப் பிடுங்கிக்கிட்டு, நடத்தியே அனுப்பினாங்க."

"தும்மினதுக்கா ஐயா?"

"ஒத்தைத் தும்மல்."

அவர் மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "ஏதாச்சும் ஒண்ணுன்னா?"

"கையைத் தூக்குங்க. கரையில நான் உங்களையே பார்த்துக்கிட்டு இருப்பேன். எனக்குப் பருந்துக் கண்ணு. இங்கே இருந்துக்கிட்டே குஞ்சு எச்சில் முழுங்குறது தெரியும் எனக்கு."

தம்பி, கண்ணாஸ்பத்திரிக்காரர்கள் வந்து முகாம் போட்டபோது ரெண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்றார்கள். ஆபரேஷனுக்குப் பேர் கொடுக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? பக்கத்தில் வருகிறது எல்லாம் எனக்கு நன்றாகவே தெரிகிறது. உங்கள் சட்டையில் கோடு போட்டிருக்கிறது. சரியா? கட்டமா? சரி, கட்டம்.

நாலு மணி வாக்கில் இறங்கினார். கேமராவைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன இடத்தில் கால் வைத்து, நான் சொன்ன மாதிரியே நடந்தார். கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தார். அப்புறம் மரமும் அவரும் ஒன்றாகிவிட்டார்கள். நான் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தேன்.

கையைத் தூக்கினாரா என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். யாரும் கேட்கவில்லை, கேட்டால் அதைத்தான் கேட்பார்கள். ஏதோ ஒன்று வெள்ளையாக அசைந்தது. நான் மடையான் கொக்கு என்று நினைத்தேன். திரும்ப அசைந்தது. சரி, படம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது, சந்தோஷத்தில் கை காட்டுகிறார் என்று நினைத்து, எழுந்து நின்று துண்டை எடுத்து நானும் ஆட்டினேன். நன்றாக ஆட்டினேன். தூரத்தில் இருக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு பறவை எழும்பவில்லை தம்பி. அதைத்தான் நான் இன்னும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒரே ஒரு பறவைகூட எழும்பவில்லை. அப்படி வாக்குத் தவறாத மனுஷன்.

அஞ்சு மணிக்குமேல் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. குழந்தைகள் வேறு. பறவை காட்டக் கூப்பிட்டார்கள். போனேன். அவர்கள் பிஸ்கட் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பொழுது இறங்கிவிட்டது. பைக் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றது. மனுஷனுக்கு ஆசை விடவில்லை, இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் காவல்காரர்தான் பார்த்தார். பொக்லைன் தோண்டிய குழி. அடியில் குழைந்த சேறு. இடுப்புக்குமேல் சேறு, அதற்குமேல் தண்ணீர். இழுக்க இழுக்க உள்ளே வாங்குகிற சேறு. எட்டுகிற தூரத்தில் இருந்த கிளை ஒன்று ஒடிந்து கிடந்ததாம். அதற்கு மேலே இருந்த கிளையில் கேமரா மாட்டியிருந்தது. ஒரு சொட்டு ஈரம் படவில்லை.

நான் அன்றைக்கே சொன்னேன். நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக்கூடாது. டீக்கடையில் எல்லோரும் நின்றபோது, "நான்தான்ப்பா அவரை உள்ளே அனுப்பினேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். வள்ளிமயில், "மாமோய், நேத்து மலைப்பாம்பு, இன்னைக்கு இதுவா? செத்த மனுஷனை வச்சுமா கதை விடுவீங்க?" என்றாள். காவல்காரர் என்னை அடிக்க வந்தார், மலைப்பாம்புக்காக. போலீஸ்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. அனுமதி இல்லாமல் இறங்கினார், காலை விட்டார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. நம்பவில்லை என்றால் என்ன செய்வது? அதிலிருந்துதான் எதைச் சொன்னாலும் முதலில் சத்தியம் பண்ணிவிடுகிறேன்.

மாசியில் அந்த அம்மா வந்தது. ரெஜினாள். வெள்ளைச் சேலை இல்லை, ஆபீஸ் போகிற மாதிரி ஒரு சேலை. தோளில் பை. பையிலிருந்து பதினோரு படத்தை எடுத்து டீக்கடைப் பெஞ்சில் வரிசையாக வைத்தது.

"கேமராவுல இருந்த கடைசிப் படம் இதெல்லாம். நாப்பது படம் பறவை. அதுக்கப்புறம் பறவையே இல்லை. இந்தக் கரைதான் இருக்கு. கரையில ஒருத்தர் இருக்காரு. இவரு யாருன்னு தெரியுமா?"

குனிந்து பார்த்தேன். கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். கரை மேற்கில் இருக்கிறது, சாயங்கால வெயில். அந்த ஆள் முதுகுக்குப் பின்னால் சூரியன். லென்ஸுக்குள் பூஞ்சை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பூச்சுதான் இருந்தது. மூக்கு இல்லை, வாய் இல்லை. நல்ல லென்ஸாக இருந்திருந்தால் மீசையை எண்ணியிருக்கலாம். ஆனால் துண்டு தெரிந்தது. பச்சைத் துண்டு.

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அந்த அம்மா நேரம் எழுதியிருந்தது. "அவருக்கு நேரந்தான் தொழில். கேமராவுலயும் நிமிஷம் பிசகாம வச்சிருந்தாரு" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் காட்டியது. நாலு ஐம்பத்திரண்டு, அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். நாலு ஐம்பத்தஞ்சு, எழுந்து நிற்கிறார். நாலு ஐம்பத்தாறு, துண்டை ஆட்டுகிறார். ஆட்டுகிற படமே மூணு. அஞ்சு மணிக்குத் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அஞ்சு நாலில் பீடி பற்றவைக்கிறார். அப்படியே போகிறது. கடைசிப் படம் அஞ்சு இருபது. அதில் கரை மட்டும்தான் இருந்தது.

"சிநேகிதரா இருக்கணும். இல்லேன்னா இத்தனை படம் எடுப்பாரா?" என்றது அந்த அம்மா. "கையை ஆட்டிப் பேசிக்கிட்டிருக்காங்க பாருங்க. கடைசியா அவரைப் பார்த்த மனுஷன் இவர்தான். நான் ஒண்ணும் குத்தம் சொல்ல வரலை. அவர் முகம் எப்படி இருந்துச்சு, எதாச்சும் சொன்னாரான்னு கேட்கணும். அவ்வளவுதான்."

வள்ளிமயில் படத்தைப் பார்த்தாள். என் தோளைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த டீயில் சீனி இல்லை.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் பார்ப்பாரே, அதே பார்வை. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மாதிரி நம்புவார்கள் போலிருக்கிறது. நோட்டைக்கூட எடுத்துவிட்டது. நான் என்ன செய்வேன்? கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

"தெரியும் தாயி. நல்லாத் தெரியும். இளையான்குடிப் பக்கத்துக் கீதாரி" என்றேன். கீதாரி என்றால் தெரியுமல்லவா, ஊர் ஊராக ஆட்டுமந்தை ஓட்டிப்போய், உரத்துக்காக வயலில் அடைத்துக் கிடை போடுகிறவர்கள். இன்றைக்கு ஒரு ஊர், அடுத்த வாரம் இன்னொரு ஊர். "சாத்தையாக் கோனார்னு பேரு. உங்க வீட்டுக்காரருக்கு ரொம்பச் சிநேகம். ரெண்டு பேரும் கரையில உக்காந்து மணிக்கணக்காப் பேசுவாங்க."

"எதைப் பத்திப் பேசுவாங்க ஐயா?"

"உங்களைப் பத்தித்தான்."

அந்த அம்மா முதல் தடவையாக அழுதது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அந்த நிமிஷத்தில் நான் செய்தது சரி என்றுதான் தோன்றியது தம்பி. இப்போதும் அந்த நிமிஷத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அந்த அம்மா அதோடு விடவில்லை. சனி ஞாயிறு வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. இளையான்குடி, பரமக்குடி, முதுகுளத்தூர் என்று எங்கே கிடை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் போகிறது. பொட்டல் காட்டில், வெயிலில், ஆட்டுக்கு நடுவில் போய் நின்று அந்தப் படத்தைக் காட்டுகிறது. முகமே இல்லாத படம். பங்குனியில் ஒரு நாள் திரும்பி வந்தது. கால் ரெண்டும் புழுதி. "பரமக்குடிக்கிட்ட ஒரு சாத்தையாக் கோனாரைப் பார்த்தேன்யா. அவரு இல்லையாம். எனக்காக அவரும் அழுதுட்டாரு. வேற அடையாளம் எதுவும் ஞாபகம் வருதா ஐயா?"

அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இடது கால் லேசாச் சாய்ச்சு நடப்பாரு. கன்னத்துல ஒரு மச்சம்" என்று வந்தது. அதையும் எழுதிக்கொண்டு போயிற்று.

சித்திரையில் வந்தபோது ரொம்ப இளைத்திருந்தது. பால்வாடியில் லீவுக்குமேல் லீவு போட்டு, வேலையே போகிற நிலைமையாம். சீட்டு விழுந்த பணமெல்லாம் பஸ்ஸுக்கும் விசாரிக்கிறதுக்கும் போகிறதாம். புருஷனுடைய அண்ணன் தம்பிகள் பைத்தியம் என்கிறார்களாம். "ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்துட்டா விட்டுடுவேன்யா" என்றது. நான், "நேத்துத்தான் திருப்புவனம் பக்கம் மந்தை போச்சுன்னு கேள்விப்பட்டேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கேட்டது, சொன்னேன்.

பஸ் வருகிறது பாருங்கள். பஸ்தானே அது? லாரியா? சரி, எழுந்திருங்கள், பின்னாலேயே வரும்.

லென்ஸ் விஷயத்தில் என் யோசனை இதுதான். காசு சேர்கிற வரைக்கும் பொறுங்கள். இல்லையென்றால் முந்நூறை வாங்கி, கரையில் நின்று, புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை என்று எடுங்கள். எவனாவது சிரித்தால் சிரிக்கட்டும். பாதி தூரம் நடக்கச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும், முதலில் அவன் கண்ணைச் சோதித்துப் பாருங்கள்.

நீங்கள் காரைக்குடியில் இறங்கி மதுரைக்குப் போவீர்களா, தேவகோட்டைக்கா? தேவகோட்டையா? அப்படியென்றால் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். இன்றைக்குச் சனிக்கிழமை. பஸ் ஸ்டாண்டில், ஊதாப் பையோடு, நாற்பது வயசு அம்மா ஒன்று நிற்கும். கேமரா வைத்திருக்கிறவர்களைக் கண்டால் கிட்டே வந்து, படத்தைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்கும். கண்டிப்பாகக் கேட்கும். தெரியும் என்று சொல்லுங்கள். இளையான்குடி சாத்தையாக் கோனார்தானே, போன வாரம் தவறிப்போனார், புதைத்து முடித்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். என் வாயில் அது வரமாட்டேன் என்கிறது தம்பி. மூணு தடவை முயன்று பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் எழுந்து இன்னொரு ஊருக்குப் போய்விடுகிறார். நீங்கள் படித்தவர், உங்களுக்கு வரும். சாகும்போது பிலவேந்திரன் பேரைச் சொன்னார் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம், அதைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் யாரிடம் சொன்னார் என்று கேட்டு, அந்த ஆளைத் தேடக் கிளம்பிவிடும். செத்துப்போனார், அவ்வளவு போதும்.

உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்கும். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கும். பஸ்ஸில் யாரோ சொன்னார்கள், முகம் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். என் பேர் மட்டும் வேண்டாம். அந்த அம்மாவிடம் மட்டும் இல்லை, யாரிடமும் வேண்டாம்.